மூன்று வண்டி வைத்திருந்த அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

அன்று போனில் நீ கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மா சிரித்துவிட்டாள். சைக்கிள் என்று யாராவது வாயெடுத்தாலே ஒரு மணி நேரம் விடாமல் பேசுகிற மனிதருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறதாம். என்ன செய்ய, நீ கேட்டது அப்படி. ஒரே ஒரு மவுண்டன் பைக். சரளைப் பாதை, காட்டு ஒற்றையடித் தடம், கல்லும் வேருமான இறக்கம், நாள் முழுக்க நீளும் ஏற்றம், எல்லாவற்றுக்கும் அதுவே. நிறுத்தச் சுவரோரமாக ஒரு இடம்தான் இருக்கிறது. அடுத்த ஆறேழு வருடத்துக்கு இன்னொன்று வாங்குவதாகவும் இல்லை. இதற்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடமும் மூன்று வண்டியும் பிடித்தன.

முதல் வண்டி உனக்கு நினைவிருக்கும், அந்த ஒல்லிச் சிவப்பு வண்டி. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் 100 மி.மீ. அமுங்குகிற சஸ்பென்ஷன், பின்னால் ஒன்றும் கிடையாது. ஏற்றத்தில் பறக்கும். இறக்கத்தில் பல்லெல்லாம் ஆடும். அந்தக் கோபத்தில் நேர் எதிரான ஒன்றை வாங்கினேன்: முன்னால் 170, பின்னால் 160, கரடுமுரடான இறக்கங்களில் நேரம் பார்த்து நடத்தும் எண்டுரோ பந்தயக்காரர்கள் ஓட்டுகிற ரகம். வாங்கியதற்குக் காரணம் ஒரே ஒரு இறக்கம். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன், என்னைவிடச் சின்னப் பையன்கள் பக்கத்தில் சர்ரென்று போவார்கள். புது வண்டியில் அதை ஓட்டி இறங்கிவிட்டேன், சரி. ஆனால் அந்த இறக்கத்துக்கு வருடத்தில் நாலு தடவைதான் போவேன். மற்ற நாளெல்லாம் பதினாறு கிலோவை, வர மறுக்கிற எருமையை இழுப்பது போல மேட்டில் இழுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்று வாங்கிப் போட்டது. யாரோ இரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்ற வண்டி. முன்னால் 140, பின்னால் 130. உன் சித்தப்பா வந்தால் ஓட்டுவார், அவ்வளவுதான் என் எண்ணம்.

ஒருநாள் உட்கார்ந்து மூன்று வண்டியின் டயரையும் கழற்றினேன். டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க சீலன்ட் ஊற்றுவோமே, அது சில மாதங்களில் காய்ந்துவிடும், அவ்வப்போது ஊற்ற வேண்டும். ஓட்டுகிற வண்டிக்கு ஞாபகமாக ஊற்றுவோம், ஓட்டாததை மறந்துவிடுவோம். முதல் இரண்டிலும் அது ரப்பர் ஆடையாகக் காய்ந்து உரிந்து வந்தது. விருந்தாளி வண்டியில் மட்டும் பால் மாதிரி ஈரமாக இருந்தது. நான் எதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் உனக்கும் அந்த ரகத்தைத்தான் சொல்லப் போகிறேன். கடைக்காரர்கள் 'டிரெயில் பைக்' என்பார்கள். சஸ்பென்ஷன் எத்தனை மி.மீ. அமுங்கும் என்பதை வைத்துத்தான் பெயர்களெல்லாம். 100 முதல் 120 வரை கிராஸ் கன்ட்ரி, 120 முதல் 150 வரை டிரெயில், அதற்கு மேல் 170 சொச்சம் வரை எண்டுரோ, 200 என்றால் டவுன்ஹில். கோடுகள் ஒன்றும் கல்லில் செதுக்கியவை அல்ல, ஒவ்வொரு கம்பெனியும் அதை இப்படியும் அப்படியும் நகர்த்தும். நீ பின்னால் 130, முன்னால் 140 என்று வைத்துக்கொள். பத்து மி.மீ. கூடக் குறைய இருந்தால் குடி முழுகாது.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே வண்டி கேட்பது பேராசை என்று உன் நண்பன் சொன்னானாமே. அவனுக்கு இதைச் சொல். 1976-ல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை ஒரு மண்பாதையில் கீழே விட்டுப் பந்தயம் நடத்தினார்கள். சுமார் 400 மீட்டர் இறக்கம். மிதியைப் பின்னால் அழுத்தினால் பிடிக்கிற அந்தக் காலத்து பிரேக் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸெல்லாம் புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இறங்குவது சரி, மேலே போவதற்குத் தள்ளிக்கொண்டோ லாரியில் ஏற்றிக்கொண்டோதான் போக வேண்டும். கேரி ஃபிஷர் போன்றவர்கள் அந்தக் கனத்த வண்டிகளில் கியரை மாட்டினார்கள், ஜோ ப்ரீஸ் 1977-ல் இதற்கென்றே ஃபிரேம் செய்தார். இறங்குகிற வண்டி ஏறவும் தொடங்கியபோதுதான் மவுண்டன் பைக் என்று ஒன்று உண்டானது. பிரித்துப் பிரித்துப் பெயர் வைத்தது எல்லாம் பிற்பாடு.

வாங்கப் போகும் முன் ஒரு வேலை செய். கடைசியாக நீ ஓட்டிய இருபது ஓட்டங்களைத் தாளில் எழுது. எந்தத் தடம், எவ்வளவு நேரம், அதில் எவ்வளவு நேரம் ஏறினாய். இருபதில் மூன்று பயமான இறக்கமாக இருக்கும். கடைக்குள் நுழைந்ததும் மனசு அந்த மூன்றைத்தான் பிடித்துக்கொள்ளும், மற்ற பதினேழையும் மறந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. சஸ்பென்ஷன் குறைந்த வண்டியில் கடினமான இடம் வந்தால் வேகத்தைக் குறைத்து, பாதை பார்த்து இறங்கலாம். கூடிப்போன வண்டிக்கோ ஒவ்வொரு கிலோமீட்டரும் கூலி கொடுக்க வேண்டும். இன்னொரு நஷ்டமும் உண்டு. சாதாரணத் தடத்தின் மேடு பள்ளத்தையெல்லாம் அது விழுங்கிவிடும், ஓட்டுகிறவளுக்கு ஒன்றுமே மிஞ்சாது.

பின்னால் சஸ்பென்ஷன் வேண்டுமா, அது இல்லாத ஹார்ட்டெயில் போதாதா என்றும் கேட்டிருந்தாய். நாள் முழுக்க வேரிலும் கல்லிலும் ஓட்டுகிறவளுக்கு வேண்டும். பின்சக்கரம் தரையை விடாமல் தொட்டுக்கொண்டே இருக்கும், அதனால் ஏற்றத்தில்கூடப் பிடி கிடைக்கும். ஆனால் அதற்கு வேலை வைப்பாய் என்றும் தெரிந்துகொள். மூட்டுகளில் பேரிங் இருக்கிறது, சேறும் தண்ணீரும் போனால் தேயும். ஃபோர்க்கின் கீழ்க் குழல்களைச் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்வார்கள். துடைக்கவே சோம்பல் என்றால் ஹார்ட்டெயில் வாங்கிவிடு, உன் அறை பழைய நிலையில் இருந்தால் எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம்தான்.

சக்கரம் 29 அங்குலம். இதில் ஒரு வேடிக்கை: அந்த ரிம்மின் விட்டம் 622 மி.மீ., சாலைப் பந்தயச் சைக்கிளின் ரிம்மும் அதே 622 தான். பெருத்த டயரை மாட்டியதும் 29 ஆகிவிட்டது. பெரிய சக்கரம் குழியில் விழாமல் உருண்டு போகும். இறங்கும்போது பின்டயர் உன்னை இடிக்கிறது என்று பட்டால், பின்னால் மட்டும் 27.5 வைத்த வண்டியும் வருகிறது, ஓட்டிப் பார். அதைத் தாண்டி இதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது அளவில். நீ என்னை மாதிரி, கால் குட்டை, கை நீளம். சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஃபிரேமில் ஒட்டியிருப்பதை நம்பாதே. ஒரு கம்பெனியின் நடுத்தரம் இன்னொன்றின் பெரியது. 'ரீச்' என்று ஒரு அளவு போட்டிருப்பார்கள். பெடலில் எழுந்து நிற்கும்போது ஹேண்டில் உன்னிடமிருந்து எவ்வளவு தள்ளி இருக்கும் என்பதை அது சொல்லும். இறக்கத்தில் எழுந்துதானே நிற்கப் போகிறாய், அதனால் அதைப் பார்த்து வாங்கு. என் எண்டுரோ வண்டியின் ரீச் எனக்கு மூன்று செ.மீ. கூடுதல். வளைவில் முன்சக்கரத்தின் மேல் எடையே போகவில்லை. முன்டயர் நழுவி இரண்டு தடவை விழுந்தேன், டயரைத் திட்டினேன். தப்பு வண்டியின் மேலும் இல்லை, பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று எடுத்தவன் நான்.

கோணங்களையும் ஒரு பார்வை பார். ஃபோர்க் முன்னால் சாயச் சாய இறக்கத்தில் தைரியம் வரும், மெதுவாக ஏறும்போதோ சக்கரம் குடிகாரனைப் போல அலையும். 65, 66 டிகிரி உனக்குப் போதும். சீட் குழாய் 76-ஐ ஒட்டி நிமிர்ந்திருக்கட்டும். படுத்திருந்தால் செங்குத்து ஏற்றத்தில் உடம்பு பின்சக்கரத்தின் மேல் போய்விடும், முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்.

சீட்டை ஒரு விசையில் கீழே இறக்கி ஏற்றுகிற டிராப்பர் போஸ்ட் இல்லாத வண்டியைத் தொடவே தொடாதே. ஏற்றமும் இறக்கமும் ஒரே வண்டியில் நடப்பது அதனால்தான். கியர் முன்னால் ஒரே பல்சக்கரம், 30 பல். பின்னால் 10 முதல் 51 அல்லது 52 பல் வரை பன்னிரண்டு. ஆகச் சிறிய கியரில் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஒன்றேகால் மீட்டரும் கொஞ்சமும்தான் நகரும், சுவரில்கூட ஏறலாம் போலிருக்கும். கியர் எந்தத் தரம் என்று கடைக்காரர் விவரிக்க ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு பிரேக்கைக் கேள். நாலு பிஸ்டன், முன்னால் 200 மி.மீ. டிஸ்க், பின்னால் 180. நீண்ட இறக்கத்தில் விரல் நோகாமல் ஒற்றை விரலால் பிடிக்க வேண்டும்.

டயர் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. ஒரே வண்டியைப் பல வண்டியாக்குவது அதுதான். விருந்தாளி வண்டி எனக்குப் பிடித்துப் போனதற்குப் பாதிக் காரணம், அதை விற்றவர் நல்ல டயர் போட்டிருந்தது. முன்னால் 2.4 அல்லது 2.5 அங்குலம், குமிழ்கள் உயரமாக, ரப்பர் மென்மையாக. முன்டயர் நழுவினால் பிடிப்பதற்கு நேரம் இருக்காது. பின்டயர் நழுவினால் சமாளித்துவிடலாம், அதனால் பின்னால் குமிழ் குறைந்து வேகமாக உருளுவதைப் போடு. ஆனால் அதன் பக்கச்சுவர் தடிப்பாக இருக்கட்டும், கல்லில் மோதி அடிபடுவது அதுதான். வறண்ட சரளை நாட்களுக்கு வேறு ஒரு ஜோடி டயர் வைத்திருந்தால் இன்னொரு வண்டி வைத்திருப்பதற்குச் சமம், சுவரோரமும் நிறையாது.

காற்று. நான் சாலைச் சைக்கிள் பழக்கத்தில் கல் மாதிரி அடித்து வைத்திருந்தேன், ஈர வேரின் மேல் சோப்பில் கால் வைத்தது போலப் போனது. உன் எடைக்கு முன்னால் 20 பிஎஸ்ஐ, பின்னால் 23-ல் தொடங்கு. ரிம் கல்லில் இடிக்கிற சத்தம் கேட்டால் ஒன்றிரண்டு கூட்டு. அப்புறம் ஷாக். முதுகுப்பை, தண்ணீர், ஷூ எல்லாவற்றோடும் அசையாமல் வண்டியில் உட்கார். பின் ஷாக்கின் தண்டு 50 மி.மீ. நகரக்கூடியது என்றால், நீ உட்கார்ந்த எடையில் 15 மி.மீ. அமுங்கியிருக்க வேண்டும். தண்டில் இருக்கிற ரப்பர் வளையம் காட்டிக்கொடுக்கும். இதைச் செய்யாமலே "இந்த வண்டி சரியில்லை" என்று விற்றவர்கள் நிறையப் பேர். என் விருந்தாளி வண்டியும் அப்படித்தான் கைமாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பழையது வாங்க நேர்ந்தால் ஃபோர்க்கின் பளபளப்பான காலில் நகத்தை ஓட்டிப் பார், கீறல் நகத்தில் தட்டினால் வேண்டாம். சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கு, பின்பக்கம் 'டக்' என்று ஆடினால் பேரிங் போயிருக்கிறது. ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் சேருகிற இடத்தில் விரிசல் தேடு. இரண்டு பெடல் கைகளையும் இணைக்கிற அச்சு உட்காரும் பேரிங், ஃபிரேமில் மரையில் திருகுவதாக இருந்தால் நல்லது, அழுத்திச் செருகியது சிலவற்றில் கிறீச்சிட்டே உயிரை வாங்கும்.

இந்த வண்டியில் முடியாததும் உண்டு. மலை உச்சிக்குக் கொண்டுவிடுகிற லிஃப்டில் ஏறி, நாள் முழுக்கப் பெரிய தாவல்களில் இறங்குகிற இடத்துக்குப் போனால் அங்கேயே பெரிய வண்டியை வாடகைக்கு எடு. கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் கலந்துகொண்டால் கடைசிக்குப் பக்கத்தில் வருவாய். அதையும் வண்டியின் மேல் போடலாம், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

என் விருந்தாளி வண்டி உனக்கு ஒரு அளவு பெரியது, இல்லையென்றால் அதையே அனுப்பியிருப்பேன். மற்ற இரண்டையும் விற்றுவிட்டேன், அம்மா நம்ப மறுக்கிறாள். இருபது ஓட்டத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்து வைத்த வண்டிகளின் ரீச் அளவையும் அதிலேயே எழுது. நான் அடுத்த மாதம் வரும்போது ஷாக் பம்ப்பைக் கொண்டுவருகிறேன், அதுவரை வண்டி வந்திருந்தாலும் ஹேண்டிலை வெட்டி அகலத்தைக் குறைத்துவிடாதே. வருகிற 780 மி.மீ. அகலத்திலேயே இரண்டு வாரம் ஓட்டிப் பார், வெட்டியதை ஒட்ட முடியாது.

அன்புடன்,
அப்பா