தனிவகுப்பை நிறுத்தியது ஏன்?

அன்புள்ள மாணவிக்கு,

நேரில் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பாயே தவிர, சொல்வதைக் கேட்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். இதை வேறு பலரும் படிப்பார்கள்; ஆகவே மதிப்பெண் குறித்து உன் வீட்டில் நடக்கும் பேச்சை இங்கே தொடப்போவதில்லை.

பகுதித் தொகையிடல் (integration by parts) என்ற நுண்கணிதப் பாடத்தின்போது, பழைய வினாத்தாள் ஒன்றைத் தேடி நான் அலமாரிப் பக்கம் திரும்பி நின்ற சிறு நேரத்தில், நீ கணக்கை முழுதாக முடித்திருந்தாய்; விடையின் முடிவில் '+ C' என்று சேர்க்க வேண்டிய, பலரும் விட்டுவிடும் தொகையிடல் மாறிலியைக்கூட நீ மறக்கவில்லை. நான் திரும்பியதும் "சரியா?" என்றாய்; நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி இரண்டு வரிகளையும் அழித்துவிட்டாய். ரப்பர் துகள்களுக்கு அடியில் சரியான விடை மங்கலாகத் தெரிந்தது. எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாய், தெரியுமா?

இடைப்படிகளை மனத்தில் பிடித்துவைக்கும் நினைவாற்றலைக் கணிதப் பதற்றம் பங்குபோட்டுக்கொள்கிறது என்று 2001இல் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே கணக்கில் பல படிகளைச் சுமக்க வேண்டிய மேல்நிலைப் பாடங்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் திணறுவதற்கு இது ஒரு காரணம். தேர்வுக்கு முன் 10 நிமிடம் தங்கள் அச்சத்தை எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக 2011இல் ராமிரெஸ், பைலாக் இருவரும் எழுதியதைப் படித்துவிட்டு, உன்னையும் எழுதச் சொன்னேன். நீயோ எழுதிய தாளை என்னிடமே நீட்டி, பிழை திருத்தித் தரச் சொன்னாய்! (சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.)

நடுவழியில் கைவிட்டுவிட்டேன் என்று நீ சொல்வதாகக் கேள்விப்பட்டேன். வகுப்பாசிரியரிடம் ஒரு சந்தேகமாவது கேள் என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்? தனிவகுப்புக்குப் போவது தெரிந்தால் மதிப்பு போய்விடும் என்று என்னை ஒளித்துவைத்தவள் நீ. சொல்லாமல் நிறுத்தியதற்கு என்னை மன்னித்துக்கொள். ஆனால் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் இன்னொரு மாதம் என்று இழுத்திருப்பேன், என் புருவம் அசைகிறதா என்று பார்த்துப் பார்த்தே நீ தேர்வு அறைவரை போயிருப்பாய்.

இனி கணக்கை முடித்து, அடித்தல் திருத்தல்களோடு அப்படியே படமெடுத்து அனுப்பு. பதில் மறுநாள்தான் வரும். அதுவரை எதையும் அழிக்காதே, பேனாவால் எழுது.

அன்புடன்,
உன் கணக்கு டீச்சர்