செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. பொங்கல் ஒன்றுகூடலும் பிள்ளைகளுக்கான ஓவியப் போட்டியும் நல்லபடியாக முடிந்தன. கணக்கு விவரத்தைப் பொருளாளர் படிப்பார். அதனால் நவம்பர் பறவை நோக்கும் பயணத்தைப் பற்றியே நான் விரிவாகச் சொல்கிறேன். அதையொட்டி உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

நவம்பர் கடைசி ஞாயிறு, விடிவதற்கு முன்பே பினாங்கின் பாலிக் புலாவ் சந்தை அருகே கூடினோம். இரவெல்லாம் நல்ல மழை. பொழுது புலர்ந்ததும் சுங்கை பூரோங் நெல்வயல்களுக்குள் போகும் குறுகலான ரோடுகளில் காடிகளை மெதுவாக விட்டோம். வடக்கே இலையுதிர்காலம் முடிந்து, சைபீரியாவும் மங்கோலியாவும் உறைந்துகிடக்கும் நேரம் அது. அங்கே பூச்சி புழு அற்றுப்போவதால் தெற்கே இறங்கும் பறவைகள் இதற்குள் நம் பக்கம் வந்து சேர்ந்துவிடுகின்றன.

கரண்டு கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உண்ணும் கூடுகளுக்காகக் கட்டிய பறவைக்கூடு கட்டடங்களைச் சுற்றும் உழவாரன்கள்தானே இவை என்று புதியவர்கள் கேட்டார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் எளிய வழி சொல்லிக்கொடுத்தார்: கம்பியில் உட்கார்ந்தால் அது தகைவிலான். உழவாரனின் கால் சுவரைப் பற்றித் தொங்கத்தான் உதவும், கம்பியில் அமர உதவாது. அதன்பிறகு பிள்ளைகள் ஒருமுறைகூடத் தவறவில்லை.

அன்று எல்லாரையும் கட்டிப்போட்டது நத்தைகுத்தி நாரை. நான் சிறுவனாக இருந்த காலத்தில் இதை இங்கே பார்த்ததே கிடையாது. இந்த நூற்றாண்டில்தான் தாய்லாந்துப் பக்கமிருந்து கூட்டங்கூட்டமாக வரத் தொடங்கியது. வாய்க்கால் ஓரம் ஒன்று, காடியிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றது. மூடினாலும் அலகின் நடுவே வெளிச்சம் தெரியும் இடைவெளி. சேற்றிலிருந்து ஒரு கொண்டாங் நத்தையை எடுத்து, தரையோடு அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் நுனியை ஓட்டு வாயின் மூடிக்குள் செருகிச் சதையை அப்படியே உருவியது. பறந்துபோன பிறகு இறங்கிப் பார்த்தோம். வரப்பில் கிடந்த வெற்று ஓடு உடையவே இல்லை. பக்கத்திலேயே நெல் தாள்களில் அந்த நத்தையின் ரோஸ் நிற முட்டைக் கொத்துகள். நெற்பயிரை அழிக்கும் நத்தை இது. நாரை வந்தால் தனக்குச் சந்தோஷம் என்றார் அங்கிருந்த வயல்காரர்.

நீலவால் பஞ்சுருட்டான், பொறி உள்ளான், மஞ்சள் வாலாட்டி எல்லாம் பட்டியலில் சேர்ந்தன. வேலிக்கம்பத்தில் பழுப்புக் கீச்சான் ஒன்று கண்ணில் கறுப்புப் பட்டையோடு உட்கார்ந்திருந்தது. வடகிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரிக்கும் இந்தப் பறவை, பல சமயம் குளிர்காலத்துக்குத் தான் முன்பு தங்கிய இடத்தையே தேடி வரும்.

கோரிக்கைக்கு வருகிறேன். அடுத்த நவம்பரில் கேமரன் மலைக்கோ ஃபிரேசர் மலைக்கோ போகலாம் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போவோம், வேறு மாதத்தில். நவம்பர் கடைசி ஞாயிறு மட்டும் இதே ரோடுகளுக்கென்று இருக்கட்டும். பாலிக் புலாவ் பக்கம் வயலோரங்களில் வீடுகள் ஏறிக்கொண்டே வருகின்றன. ஒரே பாதையில், ஒரே மாதத்தில், ஒரே மாதிரி எண்ணி எழுதிவைத்தால்தான் எந்தப் பறவை குறைகிறது என்று நாளைக்கு நம்மால் அடித்துச் சொல்ல முடியும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் நம்மிடம் படங்கள் சேரும், பதிவு சேராது.

அப்புறம் இரண்டு சின்ன விஷயங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் காடியை விட்டு இறங்க வேண்டாம். காடிக்குப் பயப்படாத பறவை, நிற்கும் ஆளைக் கண்டால் பறந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்க்கச் சங்கத்தின் பேரில் பைனாகுலர்கள் வாங்க வேண்டும். இந்த முறை அவர்கள் காத்திருந்த நேரமே அதிகம்.

பயணம் முடிந்து லக்சாவும் ஜாதிக்காய்த் தண்ணீரும் வாங்கிக்கொடுத்த உறுப்பினருக்கு நன்றி. நவம்பர் பயணத்தை ஆண்டுதோறும் சுங்கை பூரோங்கிலேயே நடத்தும் தீர்மானத்தை முன்மொழிந்து, இவ்வறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்