தப்பான ஆன்சர் கீ, நிக்காம ஓடுற டைமர்: குரூப் 4 கணக்கு கோர்ஸ் பத்தி புகார்

வணக்கம் சார் / மேடம்,

நான் கோத்தகிரி பக்கத்துல இருந்து எழுதுறேன். உங்க ஆப்ல டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்கான ஆப்டிட்யூட், அதாவது கணக்கு கோர்ஸ் ஒரு வருஷத்துக்கு 2,499 ரூபா கட்டி எடுத்திருக்கேன், நானும் தங்கச்சியும் ஒரே போன்ல மாத்தி மாத்தி படிக்கிறோம். கஸ்டமர் கேர்ல சொல்லி சொல்லி அலுத்துப் போய்தான் இந்த மெயில், தயவு செஞ்சு ஆட்டோ ரிப்ளை அனுப்பாம கணக்கு தெரிஞ்ச ஒருத்தர் முழுசா படிங்க.

முதல்ல நம்பர் சீரிஸ். உங்க மாக் டெஸ்ட்ல 4, 9, 25, 49, 121 அடுத்து என்னன்னு ஒரு கேள்வி. நீங்க குடுத்த ஆன்சர் 144, காரணம் எல்லாம் வர்க்க எண்களாம். வர்க்கம்தான் சரி, அப்போ நடுவுல 16 எங்க போச்சு, 36 எங்க, 64, 81, 100 எல்லாம் எங்க? 2, 3, 5, 7, 11ன்னு பகா எண்களோட வர்க்கம் வரிசையா வருது, அடுத்த பகா எண் 13, அதனால 169 தான் வரணும். ஆப்ஷன்லயே 169 இருக்கு, அதை தொட்டா சிவப்புல தப்புன்னு காட்டுது!

இதை விட மோசம் மனக்கணக்கு வீடியோ. 98 × 97க்கு ஷார்ட்கட் சொல்லித் தர்றாரு உங்க சார், 98க்கு 100 ஆக 2 குறையுது, 97க்கு 3 குறையுது, 98ல 3 கழிச்சா 95, இரண்டையும் மூணையும் பெருக்கினா 6, அதனால விடை 956ன்னு போர்டுல எழுதிட்டு அடுத்த கணக்குக்கு போயிட்டாரு. அந்த 6ஐ 06ன்னு ரெண்டு இடத்துல எழுதணும்னு ஒரு வார்த்தை சொல்லல. என் தங்கச்சி பேப்பர்ல போட்டு பாத்தா, 98ஐ நூறால பெருக்கி 9800, அதுல மூணு 98, அதாவது 294 கழிச்சா 9506. கிட்டத்தட்ட நூறு தடவை நூறு, அது எப்படிங்க ஆயிரத்துக்குள்ள வரும்? வீடியோ போட்டவங்க, எடிட் பண்ணவங்க யாருமே இதை கவனிக்கலையா? கீழ கமெண்ட்ல நிறைய பேர் 956ன்னே நோட்ஸ் எடுத்துட்டதா போட்டிருக்காங்க, அதைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இன்னும் சில கேள்விக்கு விடை மட்டும் பி, சின்னு போட்டு விட்டுடுறீங்க. 5, 20, 8, 17, 11, 14 மாதிரி சீரிஸ்ல ஒண்ணு விட்டு ஒண்ணா ரெண்டு வரிசை ஓடுது, ஒண்ணு 3 ஏறுது, இன்னொண்ணு 3 இறங்குது, அடுத்தது 14 வரும். இதை ஒரு வரியில சொன்னா புதுசா படிக்கிறவங்களுக்கு கண்ணு திறந்துடும். அந்த ஒரு வரிக்குத்தானே நாங்க காசு குடுக்குறோம்.

அடுத்தது டைமர். ஸ்பீடு டெஸ்ட்ல ஒரு கேள்விக்கு 30 செகண்ட், ஆனா கேள்வியெல்லாம் போட்டோவா வருது, மழை நேரத்துல எங்க ஊர்ல சிக்னல் ஒரு கோடு இருந்தாலே பெருசு, போட்டோ சுத்திக்கிட்டே இருக்கும், டைம் மட்டும் ஓடிரும். கேள்வியே கண்ணுல படாம தப்புன்னு கணக்கு வருது. உங்க ஆளு போன்ல "மேடம் வைஃபை போட்டுக்கோங்க"ன்னாரு. கேள்வியை எழுத்தா குடுத்து மொத்தமா இறங்கினதுக்கு அப்புறம் டைமரை ஸ்டார்ட் பண்ணா முடிஞ்சது. விளம்பரத்துல ஆஃப்லைன்ல படிக்கலாம்னு நீங்கதான் போட்டீங்க, டவுன்லோட் பட்டனை அழுத்தினா ஒண்ணும் ஆகல.

இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, குரூப் 4ல 200 கேள்வி, 300 மார்க், அதுல கணக்கு 25 கேள்வி, ஒண்ணுக்கு ஒன்றரை மார்க். பொது அறிவு கடல், எவ்ளோ படிச்சாலும் புதுசா ஒண்ணு கேப்பாங்க, கணக்கு மட்டும்தான் பழகினா முழுசா எடுக்க முடியும். ஊட்டியில எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் ஃப்ரீ கிளாஸுக்கு போலாம், ஆனா எஸ்டேட் வேலைக்கு போயிட்டு வர்றவங்களால தினம் பஸ் ஏறிப் போய் வர முடியாது, அதனாலதான் உங்களை நம்பினோம். இப்போ நாங்க ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் ஸ்கூல் கணக்கு புக்கை கடன் வாங்கி படிக்கிறோம், அதுல விடை சரியா இருக்கு.

எனக்கு வேண்டியது இதுதான். தப்பான ஆன்சர் கீயையும் அந்த வீடியோவையும் இந்த வாரமே எடுங்க, ஏற்கனவே அந்த டெஸ்ட் எழுதின எல்லாருக்கும் சரியான விடையோட மெசேஜ் அனுப்புங்க, என் 2,499 ரூபாவை முழுசா திருப்பிக் குடுங்க. கூப்பன் வேண்டாம், வேற கோர்ஸும் வேண்டாம். போன தடவை என் டிக்கெட்டை தீர்க்கப்பட்டதுன்னு நீங்களே மூடிட்டீங்க, இந்த தடவையும் அப்படி பண்ணா 1915ல நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், உங்க ஹெட் ஆபீஸ் இருக்குற ஊருக்கு நான் வரத் தேவையில்லை. ரெண்டு கேள்வியோட ஸ்கிரீன்ஷாட்டும் பணம் கட்டின ரசீதும் இதோட அனுப்பியிருக்கேன், பதில் எழுத்துல வேணும்.

இப்படிக்கு,
உங்க கோர்ஸ் வாங்கின ஒரு மாணவி
கோத்தகிரி, நீலகிரி