ஈரானின் வரலாறு 1979-இல் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் ஈரானைப் பற்றி வெளியான கட்டுரையில், ‘மக்களாட்சிப் பழக்கமே இல்லாத அந்நாட்டுக்கு மாற்றம் வெளியிலிருந்துதான் வர வேண்டும்’ என்றொரு வரியைப் படித்து மனம் நொந்தேன். தாங்கள் வரலாறு அறிந்தவர். அந்த வரி தங்கள் பார்வைக்குத் தப்பி அச்சேறியிருக்கும் என்றே நம்ப விரும்புகிறேன்.

1906-லேயே மன்னரைப் பணியவைத்து அரசியல் சட்டமும், மஜ்லிஸ் எனும் நாடாளுமன்றமும் பெற்றவர்கள் ஈரானியர். மறு ஆண்டே பிரிட்டனும் ரஷ்யாவும் அந்நாட்டைத் தத்தம் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டுக்கொண்டன. 1908-இல் மன்னருக்காக மஜ்லிஸ் மீது பீரங்கிக் குண்டு பொழிந்த கொசாக் படைக்குத் தலைமை தாங்கியவரே ஒரு ரஷ்ய அதிகாரிதான். எண்ணெயை 1951-இல் நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக்கை, 1953 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் கவிழ்த்தன. ரோமுக்கு ஓடியிருந்த மன்னர் ஷா திரும்பி வந்தார், அடுத்த ஆண்டே ஈரான் எண்ணெயை எடுத்து விற்கும் வெளிநாட்டு நிறுவனக் கூட்டமைப்பில் நாற்பது சதவீதப் பங்கு அமெரிக்க நிறுவனங்களுக்குப் போயிற்று. அமெரிக்க உளவுத்துறையின் ஆவணங்களே 2013-இல் இந்தக் கவிழ்ப்பை ஒப்புக்கொண்டுவிட்ட பிறகும், பழக்கம் இல்லாதவர்கள் என்ற பழியை ஈரானியர் மீதே போடுவது என்ன நியாயம்?

எழுபதுகளின் பிற்பகுதியில் தென் ஈரானின் எண்ணெய் வயல் பகுதியில் பொறியாளராக வேலை பார்த்தவன் நான். என்னுடன் பணியாற்றிய மூத்தவர்கள், ஷாவின் சாவாக் உளவுப் படைக்கு அஞ்சி மொசாதெக்கின் பெயரைக்கூடச் சொல்லாமல், அவர் கவிழ்க்கப்பட்ட நாளை ‘28 மொர்தாத்’ என்று தங்கள் நாட்காட்டித் தேதியால் மட்டுமே தாழ்ந்த குரலில் குறிப்பிடுவார்கள். 1978-இல் எண்ணெய் உற்பத்தியையே முடக்கி ஷாவின் ஆட்சியை ஆட்டங்காண வைத்த தொழிலாளர்களில் பலர் எனக்கு நேரில் பழக்கமானவர்கள். அவர்களுக்கு எந்த வெளிநாடும் வந்து அரசியல் கற்றுக்கொடுக்கவில்லை.

இப்போதைய ஆட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கட்டாய ஹிஜாபை எதிர்த்து 1979 மார்ச் 8 அன்றே தெஹ்ரான் தெருக்களில் இறங்கிய பெண்களையும், ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று கைதான மாசா அமினியின் மரணத்துக்குப் பின் 2022-இல் உயிரைக் கொடுத்தவர்களையும் நான் மறக்கவில்லை. அவர்களை அந்நியரின் கைக்கூலிகள் என்று ஆட்சியாளர்கள் தூற்றும்போது அது ஓரளவேனும் எடுபடுவதற்குக் காரணம், 1953 மெய்யாகவே நடந்தது என்பதுதான். வெளிநாட்டுத் தலையீட்டை வரவேற்று எழுதுகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பெண்களின் எதிரிகளுக்கே பலம் சேர்க்கிறார்கள்.

2003-இல் ஈராக் மீதான படையெடுப்பையும் தங்கள் இதழ் விடுதலை என்றுதான் எழுதியது. அப்போது நான் அனுப்பிய மறுப்பு வெளிவரவில்லை. 1988-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் சுட்டு வீழ்த்திய ஈரான் பயணிகள் விமானத்தில் மாண்ட 290 பேருக்கும் தங்கள் காலவரிசைப் பெட்டியில் இதுவரை ஒரு வரி கிடைத்ததில்லை.

நான் கேட்பது ஒன்றே. ஈரான் செய்தியோடு தாங்கள் வழக்கமாக வெளியிடும் அந்தக் காலவரிசைப் பெட்டி எப்போதும் ஷாவை வீழ்த்திய 1979 இஸ்லாமியப் புரட்சியில்தான் தொடங்குகிறது. இனி அதை 1906-இலிருந்து தொடங்குங்கள். இக்கடிதத்துக்கு இடமில்லாவிட்டாலும், 1953-க்கு அதில் இரண்டு வரி ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி