பியோரியாவிலிருந்து ஒரு கடிதம்

பியோரியா, இல்லினாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நான் நலம். அங்கு அண்ணி, பிள்ளைகள் அனைவரின் நலமறிய ஆவல். இந்த ஊரில் பெயர் சொல்லும்படி யாரேனும் பிறந்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் பியோரியா என்றால் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் மண் அள்ளும் இயந்திரங்கள்தான் நினைவுக்கு வரும். நானும் அந்த வேலைக்காகத்தான் வந்தேன். ஆனால் மாலை நாலரைக்கே இருட்டிவிடும் இந்தக் குளிர்காலத்தில், எங்கள் பிரிவில் பணிபுரியும் வயதான கறுப்பின நண்பர் ஒருவர் சொல்லி, 1940இல் இவ்வூரில் பிறந்த கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரின் மேடை நிகழ்ச்சிகளை இரவுதோறும் பார்த்து வருகிறேன்.

பாட்டி நடத்திய விபசார விடுதியில் வளர்ந்தவர் அவர். தாயும் அங்கேயே தொழில் செய்தவர். பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட அந்தச் சிறுவனை, கார்வர் என்ற சமூக மையத்தில் ஜூலியட் விட்டேக்கர் என்ற அம்மையார் நாடகத்தில் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் தமக்குக் கிடைத்த எம்மி என்ற தொலைக்காட்சி விருதை பிரையர் அவரிடமே கொடுத்துவிட்டாராம்.

1963இல் நியூயார்க் சென்றவர், பில் காஸ்பியைப் போல யாரையும் உறுத்தாத நகைச்சுவை பேசி நன்றாகவே சம்பாதித்தார். 1967இல் லாஸ் வேகாஸில், நிரம்பிய அரங்கைப் பார்த்து, நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு பேசியதெல்லாம் இந்த ஊர்த் தெருக்களின் பேச்சு: குடிகாரர்கள், விபசாரத் தரகர்கள், கதையளக்கும் கிழவர்கள்.

1974இல் வெளிவந்த அவருடைய ஒலித்தட்டில் ஒரு பகுதி உண்டு. காவலர் காரை நிறுத்தியதும், கறுப்பின ஓட்டுநர் தம் உரிமத்தை எடுக்கப் பைக்குள் கை விடுவதை உரக்க, சொல் சொல்லாக அறிவிக்கிறார், அறிவிக்காவிட்டால், துப்பாக்கி எடுப்பதாக எண்ணிச் சுடப்படுவார். அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது. நானும் சிரித்தேன். மறுநாள் நண்பரிடம் சொன்னபோது, தம் மகன் கார் ஓட்டக் கற்ற நாளில் அவனுக்கு அதையேதான் சொல்லிக்கொடுத்ததாக அவர் சாதாரணமாகச் சொன்னார். உரிமம் பெற நான் படித்த கையேட்டில் இப்படியொரு பாடம் இல்லை, எனக்கு அது தேவைப்படவும் இல்லை. இந்த நாட்டைப் பற்றி அந்தச் சில நிமிடங்கள் கற்றுத்தந்த அளவுக்கு வேறெதுவும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

நடிகர் ஜீன் வைல்டருடன் பிரையர் நடித்த படங்கள் வசூலைக் குவித்தன. என் கணக்கில் அவை மேடைக்கு ஈடாகா. 1980இல் கோகெய்ன் போதையில் தம்மேல் மதுவை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு உயிர்பிழைத்தவர், 1982இல் வெளிவந்த மேடை நிகழ்ச்சிப் படத்தில், எரிந்தபடி தெருவில் ஓடியதையே வேடிக்கையாகச் சொன்னார். பின்னர் நரம்பு நோய் அவரை முடக்கியது. 1998இல் மார்க் ட்வெய்ன் நகைச்சுவை விருதை முதன்முதலாக அவருக்குத்தான் வழங்கினார்கள். 2005இல் மறைந்தார்.

இங்கே அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது 2015இல்தான். ஊர் மறைக்க விரும்பியதை உலகறியச் சொன்னவருக்குச் சிலை வைக்க ஊருக்குத் தயக்கம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நிகழ்ச்சிப் பதிவுகளைத் தேடிப் பாருங்கள், அண்ணா. ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். வாக்கியத்துக்கு ஒரு கெட்ட வார்த்தையாவது இருக்கும். அண்ணி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி