நீ வாங்கிய மீன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா பாரிஸ் வரும்போது சமைக்கவென்று, வளர்ப்பு மீனைப்போல இரண்டு மடங்கு விலையில் 'சோவாஜ்', அதாவது காட்டுச் சால்மன் வாங்கி வைத்திருக்கிறாய். கோபப்படாதே பிள்ளை, பொதியின் ஓரத்துச் சிற்றெழுத்தை வாசித்தாயா? மீனின் அறிவியற் பெயர் ஒன்கோரின்கஸ் நெர்கா, பிடித்த கடற்பகுதியின் எண் 67. அது வடகிழக்குப் பசிபிக், அலாஸ்காப் பக்கம். நல்ல மீன்தான். ஆனால் நம் நோர்வேக்காரர் வில்லக்ஸ் என்று சொல்லும் அத்திலாந்திக் காட்டுச் சால்மன் அல்ல. அதுவென்றால் சால்மோ சலார், கடற்பகுதி 27 என்று இருக்கும்.

அதைக் கடையில் காண்பதே அரிது. பிரான்சின் லுவார் ஆற்றில் 1994 முதல் சால்மன் பிடிக்கத் தடை. அயர்லாந்தில் 2007இல் கடலில் மிதக்கும் வலைகளை நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் தூண்டிலில் பிடித்ததை 2009 முதல் விற்கவே கூடாது. விற்க முடியாத மீனுக்குக் கிலோ விலை என்ன சொல்வது? இப்போது காசு ஆற்றங்கரையில் நிற்பதற்குத்தான். நோர்வேயிலும் ஸ்கொட்லாந்திலும் ஐஸ்லாந்திலும் ஒரு நாள் தூண்டில் போடப் பெரும் பணம் கட்டி, பலர் பிடித்ததைத் தடவிக்கொடுத்துத் திரும்ப ஆற்றில் விடுகிறார்கள். அம்மா இன்னும் இதை நம்பவில்லை.

நான் வட நோர்வேயில் போட்ஸ்ஃபியோர்ட் மீன் தொழிற்சாலையில் தொர்ஸ்க் என்ற கொட் மீன் வெட்டிய காலத்தில், பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருமுறை வில்லக்ஸ் ஒன்றைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்தார். வால் விசிறிபோல விரிந்து, முனை கூராக இருந்தது. கடலில் கூண்டு கட்டி நெருக்கி வளர்த்த மீனுக்குச் செட்டைகள் தேய்ந்து மொட்டையாகிவிடும். வெட்டினால் சதைக்கு நடுவே வெள்ளைக் கொழுப்பு தடித்த கோடாக ஓடும். கிழவரின் மீனில் அந்தக் கோடு நூல்போல இருந்தது.

1928இல் வட நோர்வேயின் தானா ஆற்றில் 36 கிலோ சால்மன் தூண்டிலில் அகப்பட்டதாம். அதே தானாவில் 2021இல் சால்மன் பிடிப்பதையே நிறுத்தினார்கள். 2024 கோடையில் பருவத்தின் நடுவே நோர்வேயில் இன்னும் 33 ஆறுகளைச் சால்மன் பிடிக்க விடாமல் மூடினார்கள். கடலுக்குப் போகும் குஞ்சுகளில் திரும்பி வருபவை குறைந்துவிட்டன. வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து மீனின் தோலில் ஒட்டும் கடற்பேன் தொற்றுகிறது, தப்பி வந்த வளர்ப்பு மீன்கள் ஆற்று மீனோடு கலந்துவிடுகின்றன. சால்மனின் உறவான, கரையோரமே சுற்றும் கடல் ட்ரவுட் மீனைப் பேன் விடுவதே இல்லை. அந்தக் கூண்டு மீன்தான் இந்த நாட்டுக்குக் கோடி கோடியாக உழைத்துக் கொடுக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

வாங்கியதை எறிந்துவிடாதே. நெர்காவில் கொழுப்பு குறைவு, அதிகம் வேகவிட்டால் சக்கையாகிவிடும். மிளகும் தேசிக்காயும் போட்டு மெல்லிய நெருப்பில் வை. வெள்ளிக்கிழமை மாலை வந்துவிடுவேன்.

அப்பா