இந்தத் தீபாவளிக்கு வெல்ல முந்திரி டப்பா ஏன் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்வி: "வெல்ல முந்திரி டப்பா எப்போது வரும்?" இந்த ஆண்டு வராது. காரணத்தைக் கல்லாவில் நின்றபடி ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுவதுமாக எழுதிவிடுவதுதான் மரியாதை. அந்த முந்திரியை உங்கள் வீட்டு அடுப்பிலேயே செய்துகொள்ளும் முறையையும் எதையும் மறைக்காமல் இதில் எழுதியிருக்கிறோம்.

சென்ற தீபாவளிக்குச் சுக்கும் ஏலக்காயும் மிளகும் சேர்த்த வெல்ல முந்திரியைக் கால் கிலோ டப்பாக்களில் விற்றோம். முதல் வாரம் வாங்கியவர்கள் மறுபடியும் வந்து வாங்கினார்கள். பண்டிகைக்கு முந்தின இரண்டு மூன்று நாட்களில் வாங்கியவர்கள் சிலர் திரும்பி வந்தது வேறு காரணத்துக்காக. டப்பாவைத் திறந்தால் முந்திரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்திருக்கிறது. பிட்டு எடுத்துக் கடித்தால் நமுத்துப் போயிருந்திருக்கிறது. மகளின் தலைத்தீபாவளிச் சீரில் மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் வைத்த டப்பா அப்படி ஆகிவிட்டதென்று ஓர் அம்மா வந்து சொன்னார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தட்டில் பட்ட குறையைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

மீதமிருந்த டப்பாக்களைத் திறந்து பார்த்து, எந்த நாளில் செய்தது, எந்த நாளில் மூடியது என்று கணக்கைப் புரட்டியபோது காரணம் தெரிந்தது. முந்திரியில் குறையில்லை, வெல்லத்திலும் குறையில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து மூன்று வாரம் அலமாரியில் வைத்திருந்தோம். அவசரத்தில் சில தட்டுகளை இளஞ்சூட்டோடு டப்பாவில் அடைத்துவிட்டோம். வெளியே வடகிழக்குப் பருவமழை. கடலூர் மாவட்டத்தில் ஐப்பசியில் துணியே காயாது. அந்தக் காற்று டப்பாவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே போகிறது. வெல்லம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும் பொருள். வெள்ளைச் சர்க்கரையைவிட வெல்லத்தில் குளுக்கோசும் ஃபிரக்டோசும் அதிகம். ஈரத்தை இழுப்பதில் ஃபிரக்டோஸ் கெட்டிக்காரன்.

ஆக, இந்தத் தின்பண்டம் கடை அலமாரிக்கு ஏற்றதல்ல. செய்த பத்து நாளுக்குள் தின்னவும் கொடுக்கவும் வேண்டியது. அதற்குச் சரியான இடம் வீட்டு அடுப்புதான் என்று முடிவு செய்தோம். நாங்கள் பருப்பையும் வெல்லத்தையும் சுக்கையும் நல்லதாகத் தருகிறோம். வறுப்பது உங்கள் கையில்.

முதலில் பருப்பு. முந்திரியை எண்ணால் தரம் பிரிப்பார்கள். 240 என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 220 முதல் 240 வரை முழுப் பருப்பு இருக்கும். 320 என்றால் 300 முதல் 320 வரை. எண் கூடக் கூடப் பருப்பு சிறியது, விலையும் குறைவு. வெல்ல முந்திரிக்கு 240 கேட்டு வருகிறவர்களிடம் அதை வாங்க வேண்டாம் என்றே சொல்கிறோம். பாகு பூசிய பிறகு பருப்பின் அளவழகு பாதி மறைந்துவிடும். இரண்டாகப் பிளந்த பாதிப் பருப்பில் மசாலா உட்புறத்திலும் ஏறிப் பிடிக்கும், விலையும் குறையும். பரிசுக்குப் பார்வை வேண்டும் என்றால் 320 போதும்.

உள்ளூர்க் கொட்டையா என்றும் கேட்கிறீர்கள். பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் உடைக்கப்படும் கொட்டை எல்லாமே இந்தச் செம்மண்ணில் விளைந்ததல்ல. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை வந்து இங்கே உடைபடுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது நம் மாவட்டத்து முந்திரித் தோப்புகள் எப்படி வேரோடு சாய்ந்து கிடந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. எங்களிடம் இரண்டும் உண்டு. எது எந்தக் கொட்டை என்று மூட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பருப்பை ஓட்டிலிருந்து எடுக்கும் பெண்களின் விரல்களை ஒருமுறை பார்த்தவர்கள் விலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள்.

இனி வறுப்பது. நமுத்துப் போவதற்கும் மொறுமொறுப்பாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. அரைக் கிலோ பருப்புக்கு அடி கனத்த இரும்பு வாணலி. எண்ணெய் வேண்டாம், நூறு கிராம் முந்திரியில் ஏறத்தாழ 45 கிராம் கொழுப்பு இருக்கிறது, அதுவே போதும். தீயைச் சிறிதாக வைத்துக் கை நிறுத்தாமல் கிளறுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். தீயைக் கூட்டினால் ஐந்து நிமிடத்தில் வெளியே சிவந்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். அந்த உள் ஈரம்தான் இரண்டு நாள் கழித்து வெளியே வந்து பாகை இளக்குகிறது. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பருப்பை எடுத்து ஆறவிட்டுப் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளை தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. நடுவும் வெளிர்மஞ்சளாக மாறி, பிளக்கும்போது சடக்கென்று ஒலித்தால் சரி. வெளிப்புறம் சந்தன நிறத்துக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகும் உள்சூட்டில் இன்னும் ஒரு படி சிவக்கும். வாணலியிலேயே விட்டால் கருகும். அகலமான தாம்பாளத்தில் பரப்பிப் பத்து நிமிடம் ஆவி போக விடுங்கள். முழுவதும் ஆறிப்போகவும் கூடாது. கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே பாகில் சேர வேண்டும். ஜில்லென்ற பருப்பைப் போட்டால் பாகு அங்கங்கே திரண்டு நின்றுவிடும்.

அரைக் கிலோ பருப்புக்கு 200 கிராம் வெல்லம், அதை நனைக்குமளவு தண்ணீர், அதாவது கால் டம்ளர். பளிச்சென்று மஞ்சளாக மின்னும் வெல்லத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் இரசாயனத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. கறுத்த வெல்லம் பார்க்க அழகில்லை, ஆனால் மணம் அதில்தான். வெல்லம் கரைந்ததும் கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் மணல் நிற்கும். வடிகட்டிய பாகில் இரண்டு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை சேருங்கள். பாகு பூத்து வருவதற்கு அது உதவும்.

பதம் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பாகிலிருந்து ஒரு சொட்டை அந்தத் தண்ணீரில் விடுங்கள். கரைந்து பரவினால் இன்னும் கொதிக்க வேண்டும். விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டால் அது அதிரசத்துக்கான பதம். அதில் முந்திரியைப் போட்டால் என்றைக்கும் ஒட்டிக்கொண்டே இருக்கும். திரட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று ஒலி வர வேண்டும். அந்த ஒலி வந்த நொடியில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டு, அடுப்பை அணைத்து, வெதுவெதுப்பான பருப்பைக் கொட்டிக் கிளறத் தொடங்குங்கள்.

மசாலா அடுப்பை அணைத்த பிறகுதான். இரண்டு தேக்கரண்டி சுக்குப் பொடி, ஒரு தேக்கரண்டி ஏலக்காய்ப் பொடி, ஒரு தேக்கரண்டி கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, அரைத் தேக்கரண்டி உப்பு. சுக்கை நாரில்லாமல் சலித்துக்கொள்ளுங்கள். காரம் விரும்புகிற வீடுகளில் மிளகைக் குறைத்து மிளகாய்த் தூள் கால் தேக்கரண்டி சேர்க்கலாம். எங்கள் விருப்பம் மிளகுதான். மிளகாய் நாக்கு நுனியில் உடனே சுடும், மிளகு தின்று முடித்த பிறகு தொண்டையில் மெல்ல வரும், இனிப்புக்குப் பின்னால் அது வருவது நன்றாக இருக்கும். கொதிக்கிற பாகில் பொடிகளைப் போட்டால் ஏலக்காயின் மணம் ஆவியோடு போய்விடும், சுக்கு கசக்கும்.

கிளறக் கிளற முதலில் எல்லாம் ஒரே கட்டியாக இழுக்கும். பதறி மறுபடியும் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். மூன்று நான்கு நிமிடத்தில் பாகு பளபளப்பை இழந்து பூத்து, பருப்புகள் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கும். நேந்திரங்காயில் சர்க்கரைவரட்டி செய்யும் குமரி மாவட்டத்து வீடுகளுக்கு இந்த நொடி நன்றாகத் தெரியும். இந்த முறையே அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். அவர்களைப் போலவே கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரையோடு கொஞ்சம் சுக்குப் பொடி கலந்து தூவிப் புரட்டினால் ஒட்டும் பேச்சே இருக்காது.

முந்திரி விலை கையைக் கடிக்கிறது என்பவர்களுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இருக்கிறது. மணிலாக் கொட்டைதான் நம் பக்கத்தில் மல்லாட்டை ஆனது என்பார்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயும் வெல்லத்தையும் கடலையையும் நம்பியதுதான். ஆனால் வீட்டில் முதன்முதலாகச் செய்கிறவர்களுக்குச் சர்க்கரை முறை எளிது. தோலுள்ள, வறுக்காத மல்லாட்டைப் பருப்பு 250 கிராம், சர்க்கரை 125 கிராம், தண்ணீர் கால் டம்ளர். மூன்றையும் ஒன்றாக வாணலியில் போட்டு மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். இங்கே முன்கூட்டி வறுக்க வேண்டியதில்லை, பருப்பு சர்க்கரையிலேயே வறுபடும். தண்ணீர் வற்றியதும் சர்க்கரை மணல் மணலாக உதிர்ந்து பருப்பைச் சுற்றும். கெட்டுவிட்டதென்று நினைத்து இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் பலர். தீயைக் குறைத்து இன்னும் கிளறுங்கள். மணல் மெல்ல உருகிப் பழுப்பாகப் பருப்பில் ஒட்டும். பருப்பு வெடிக்கும் ஒலி கேட்கும். அடுப்பை அணைத்துப் பட்டைத் தூளும் உப்பும் தூவி, நெய் தடவிய தட்டில் கொட்டி, ஆறுவதற்குள் கரண்டியால் பிரித்துவிடுங்கள். உருகிய சர்க்கரை கொதிக்கும் எண்ணெயைவிட மோசமாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளை அடுப்படிக்கு வரவிடாதீர்கள்.

மல்லாட்டையில் பூஞ்சை பிடித்ததோ சுருங்கிக் கறுத்ததோ இருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுக்கும் சூட்டில் முழுவதும் அழிவதில்லை. எங்கள் மூட்டையில் அப்படி ஒரு பிடி வந்தாலும் கொண்டு வந்து காட்டுங்கள், மாற்றித் தருகிறோம்.

முட்டை வெள்ளைக்கரு தடவி மின்னடுப்பில், அதாவது ஓவனில், செய்யும் முறையும் உண்டு. மொறுமொறுப்பு நன்றாகவே வரும். ஆனால் பரிசாகக் கொடுக்கும்போது சைவ வீடுகளுக்குச் சொல்லாமல் கொடுத்துவிடக் கூடாது.

கொடுப்பதைப் பற்றி. செய்த முந்திரியைக் குறைந்தது இரண்டு மணி நேரம் பரப்பி ஆறவிட்டு, புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடே இல்லை என்று தெரிந்த பிறகு அடையுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் மின்விசிறிக்கு அடியில் ஆறட்டும். ஜன்னல் ஓரத்தில் வேண்டாம். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவோ கண்ணாடிப் பாட்டிலோ நல்லது. அட்டைப் பெட்டிகள் பார்வைக்கு அழகு, இந்த மாதத்தில் இரண்டே நாளில் கைவிட்டுவிடும். அட்டைப் பெட்டிதான் வேண்டுமென்றால் உள்ளே தடித்த உறையில் கட்டி வையுங்கள். பெரிய டப்பா ஒன்றைவிட நூறு கிராம் டப்பா இரண்டாகக் கொடுப்பது மேல். ஒன்றைத் திறந்து தின்னும்போது மற்றது மூடியபடி இருக்கும். செய்த தேதியையும், முந்திரியா மல்லாட்டையா என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். சிலருக்குக் கொட்டைப் பருப்புகள் ஒவ்வாமல் உயிருக்கே ஆபத்தாகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பாகத் தர வேண்டாம், தொண்டையில் சிக்கும், பொடித்துக் கொடுங்கள்.

பத்து நாளுக்குள் தின்று முடித்தால் சுவை அப்படியே இருக்கும். பண்டிகைக்கு மூன்று நான்கு நாள் முன்பு செய்வதே சரியான கணக்கு. பருப்பை மட்டும் முன்னதாக வாங்கி வைப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்கலாம். கொழுப்பு அதிகமுள்ள பருப்பு வெளியே வெப்பத்தில் கிடந்தால் சிக்கு வாடை அடிக்கும். எடுத்த உடனே டப்பாவைத் திறக்காமல் வெளிச்சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த பருப்பின்மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

கடையில் இப்போது பாதிப் பருப்பு, 320, தோலுள்ள மல்லாட்டை, கறுத்த மண்டை வெல்லம், சலித்த சுக்குப் பொடி எல்லாம் இருக்கின்றன. அரைக் கிலோ பருப்புக்கு வேண்டிய சுக்கு, ஏலக்காய், மிளகை ஒரு பொட்டலமாகக் கட்டியும் தருகிறோம். பதம் தவறிப் பருப்பு ஒட்டிக்கொண்டால் கொண்டு வந்து காட்டுங்கள், எங்கே பிசகியது என்று பார்த்துச் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு நமுத்துப்போன டப்பா கிடைத்தும் சொல்லாமல் விட்டவர்கள் இருப்பீர்கள். ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வந்து சொல்லுங்கள், பணமாகவோ, அதே எடைக்குப் பருப்பாகவோ தருகிறோம். அந்தத் தலைத்தீபாவளி அம்மாவுக்கு ஒரு கிலோ 320-ஐ எடுத்து வைத்திருக்கிறோம். இந்த மடலைப் பார்த்தால் அவர் ஒருமுறை கடைப்பக்கம் வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் முந்திரிக் கடையார்,
பண்ருட்டி